நீலகிரி ஈப்பிடிப்பானா, நீலமேனி ஈப்பிடிப்பானா? மலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

ஐப்பசி பிறந்த பிறகு உதகை, கொடைக்கானல், வால்பாறைப் பக்கம் பறவை பார்க்கப் போகிற புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். சிட்டுக்குருவி அளவில், அதைவிட ஒல்லியாக, வால் சற்றே நீண்ட ஒரு நீலப் பறவை கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். திடீரென்று காற்றில் பாய்ந்து பூச்சியைக் கவ்வும். மறுபடி ஏதாவது ஒரு கிளைக்கு வந்து சேரும். ஈப்பிடிப்பான் என்பது வரை சந்தேகமில்லை. இந்த மலைகளிலேயே பிறந்து இங்கேயே வாழ்ந்து முடிக்கும் நீலகிரி ஈப்பிடிப்பானா, இமயமலையிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்திருக்கும் நீலமேனி ஈப்பிடிப்பானா என்பதில்தான் சிக்கல்.

இரண்டும் யூமியாஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நீலமேனியை 1838இல் ஸ்வைன்சனும், நீலகிரி ஈப்பிடிப்பானை 1840இல் ஜெர்டனும் அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள். நீலமேனிக்கு ஆங்கில வழக்கில் வெர்டிட்டர் என்று பெயர். பழைய நூல்களில் உள்ளூர்ப் பறவையையும் 'நீலகிரி வெர்டிட்டர்' என்றே குறித்திருப்பார்கள். குழப்பம் நேற்று வந்ததல்ல. அளவிலும் உதவி கிடைக்காது. இரண்டும் 15 சென்டிமீட்டரை ஒட்டியவை. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதல் குறைவை எட்டத்துக் கிளையில் யாராலும் அளக்க முடியாது.

கையேடுகள் நிறத்தில் தொடங்குகின்றன. நீலகிரி என்றால் அடர்ந்த அவுரி நீலம், நீலமேனி என்றால் பச்சை கலந்த பளிச்சென்ற நீலம். படத்தில் இரண்டையும் அருகருகே அச்சிட்டிருப்பதால் குழந்தைகூடச் சொல்லிவிடும். காட்டில் இரண்டும் அருகருகே உட்கார்ந்து காட்டுவதில்லை. அதனால் நிறத்தை இந்தக் கட்டுரையில் கடைசியில்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

அதற்குக் காரணம் இறகிலேயே இருக்கிறது. பறவைகளின் இறகில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது. இறகிழைகளுக்குள் இருக்கும் மிக நுண்ணிய காற்றறைகள் ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் தோன்றுகிறது. அடியில் உள்ள கருநிறமி மற்ற நிறங்களை விழுங்கிவிடுகிறது. இறகை மாவாக அரைத்தால் நீலம் காணாமல் போய்விடும். ஆகவே நாம் காண்கிற நீலத்தில் பாதி பறவையுடையது, பாதி அன்றைய வெளிச்சத்துடையது. மூடுபனிக்குள் நீலமேனி சாம்பலாகிவிடும். காலை வெயில் நேராக விழுந்தால் நீலகிரி ஈப்பிடிப்பானின் நெற்றியும் தோளும் நம்மை ஏமாற்றும் அளவுக்கு மின்னும். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு உட்கார்ந்தால் இரண்டுமே கறுப்புதான்.

நாட்காட்டியும் உயரமும்

பைனாகுலரைத் தூக்குவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். நீலமேனி இமயமலையிலும் அதற்குக் கிழக்கே தென்கிழக்கு ஆசிய மலைகளிலும் கூடு கட்டுகிற பறவை. தமிழகத்து மலைகளில் அது ஏறத்தாழ அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் தங்கும். முன்பின்னாகச் சில நாட்கள் கூடலாம், குறையலாம். எனவே மே மாதம் கோடை விழாவுக்கு உதகை போனபோது பார்த்த நீல ஈப்பிடிப்பானுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்த இரண்டில் ஒன்று என்றால் அது நீலகிரி ஈப்பிடிப்பான்தான்.

மீதி மாதங்களில் உயரத்தைக் கேளுங்கள். நீலகிரி ஈப்பிடிப்பான் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. நீலகிரி, பழனி மலைகள், ஆனைமலை, தெற்கே அகத்தியமலை வரையிலும், கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையிலும் உண்டு. உலகில் வேறெங்கும் கிடையாது. பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேல்தான் வாழும். எப்போதாவது 600 மீட்டர் வரை இறங்கிவரும். நீலமேனிக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை. அடிவாரக் காட்டிலும் உட்காரும், உச்சியிலும் உட்காரும். ஜனவரியில் அடிவாரத்துத் தேக்கங்காட்டிலோ, ஏற்காடு போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலை ஒன்றிலோ இப்படி ஒரு பறவையைப் பார்த்தால் முதலில் நீலமேனியையே நினைக்க வேண்டும். வால்பாறையைப் போல ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரமுள்ள ஊர்களில்தான் உயரம் கைகொடுக்காது. அங்கே குளிர்காலத்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்காக மலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: இரண்டும் ஒரே மலையில், சில நேரம் ஒரே தோட்டத்தில் இருக்கிற காலம் அது. அப்போதுதான் கீழே சொல்லும் மற்ற அடையாளங்கள் தேவைப்படும்.

எங்கே உட்கார்ந்திருக்கிறது?

நீலமேனி வெளிச்சத்தை விரும்புகிற பறவை. மரத்தின் உச்சியில் இலை உதிர்ந்த கொம்பு, காப்பித் தோட்டத்து நிழல் மரத்தின் வெளிக்கிளை, சில நேரம் மின்கம்பி என நாலு பேர் பார்க்கிற இடமாகத் தேடி உட்காரும். நீலகிரி ஈப்பிடிப்பான் சோலையின் பறவை. மலையின் மடிப்புகளில், புல்வெளிகளுக்கு நடுவே, பாசி படர்ந்த குட்டை மரங்களோடு இருண்டு கிடக்கும் சோலைகளில் நடுமட்டத்துக் கிளைகள்தான் அதன் இருப்பிடம். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி மிச்சமிருக்கும் சோலைத் துண்டுகளிலும், பழைய பங்களாத் தோட்டங்களிலும் அதைப் பார்க்கலாம்.

இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சோலையின் ஓரத்தில் நீலகிரி ஈப்பிடிப்பானும் வெட்ட வெளிக் கிளைக்கு வரும். பெரிய மழை ஓய்ந்த பிறகு வெயில் காயும்போது வெகுநேரம் வெளியிலேயே உட்கார்ந்திருக்கும்.

வாலடி வெள்ளை

எனக்கு ஒரே ஓர் அடையாளத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது நிபந்தனை போட்டால் இதையே வைத்துக்கொள்வேன். நீலகிரி ஈப்பிடிப்பானின் வால் தொடங்கும் இடத்தில், இரு பக்கமும், சிறு வெள்ளைத் திட்டுகள் உண்டு. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. நீலமேனியின் வாலில் வெள்ளையே கிடையாது. வெளிச்சம் எப்படி இருந்தாலும் வெள்ளை வெள்ளையாகத்தான் தெரியும் என்பது இதன் பெரிய வசதி.

வசதி இருக்கிறது, கூடவே ஒரு தொல்லையும் இருக்கிறது. வால் மடங்கியிருக்கும்போது மேலிருந்தோ முதுகுப் பக்கத்திலிருந்தோ பார்த்தால் இந்தத் திட்டுகள் தெரியாது. மைய இறகுகள் அவற்றை மூடிக்கொள்ளும். "வெள்ளை தெரியவில்லை, எனவே நீலமேனி" என்று முடிவு கட்டுவது மலையில் நான் அதிகம் கேட்கிற தவறான தர்க்கம். தெரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு.

ஆகவே பறவை அசைகிற நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஈப்பிடிப்பான் அந்த வகையில் பெருந்தன்மையானது. சும்மா உட்கார்ந்தே இருக்காது. அது தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பூச்சியைத் தேடத் தொடங்கியதும் பைனாகுலரைக் கண்ணில் வைத்துவிடுங்கள், ஆனால் முகத்தைப் பார்க்காதீர்கள். புதியவர்கள் எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், அது இயல்பு. நீங்கள் இடுப்பும் வாலும் சேரும் இடத்தையே குறிவையுங்கள். கிளம்பும் நொடியிலும், திரும்பி வந்து கால் ஊன்றும் நொடியிலும் வால் விசிறியாக விரியும். அப்போது வாலின் அடியில் இரு ஓரமும் வெள்ளை பளிச்சிட்டால் வேலை முடிந்தது. ஒரு பாய்ச்சலில் பிடிபடாவிட்டால் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம். விரிந்த வாலை நன்றாக, ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்தும் வெள்ளை இல்லை என்றால் மட்டுமே 'இல்லை' என்று குறியுங்கள்.

கேமரா வைத்திருப்பவர்கள் உட்கார்ந்திருக்கும் அழகான படத்துக்கு ஆசைப்படாமல், கிளம்பும்போது தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். ஒன்பது கலங்கிப்போயிருக்கும், கலங்கிய படத்திலும் வெள்ளைத் திட்டு தெரியும்.

பறவை தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தால் இன்னும் எளிது, அடியிலிருந்தே திட்டுகள் தெரியும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நீலமேனியின் வயிறு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் இருக்கும் குட்டி இறகுகளுக்கு வெண்மையான ஓரம் உண்டு. மீன் செதிலைப்போல வரிவரியாகத் தெரியும். கீழிருந்து அவசரமாகப் பார்ப்பவர் அதை வாலடி வெள்ளை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். வால் இறகிலேயே வெள்ளை இருக்கிறதா, அதற்கு முன்னால் உள்ள குட்டி இறகுகளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வயிறும் முகமும்

வயிறு எளிய அடையாளம், அதனாலேயே பலரும் விட்டுவிடுகிறார்கள். நீலமேனி தொண்டையிலிருந்து வயிறு வரை ஏறத்தாழ ஒரே நீலம். மார்புக்குக் கீழே கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். நீலகிரி ஆணுக்கு மார்பு வரை நீலம், வயிற்றின் நடுவில் வெளிறிய சாம்பல் வெள்ளை. அந்த எல்லை கோடு கிழித்தாற்போல இருக்காது. நீலம் மெல்ல மெல்லக் கரைந்து வெளிறும். நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பறவைக்கு இந்த ஓர் அடையாளமே பெரும்பாலும் போதும்.

முகத்தில் பார்க்க வேண்டியது அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள சிறு பகுதி. நீலமேனி ஆணுக்கு அந்த இடம் கரிக்கறுப்பு. முகமெல்லாம் வெளிர்நீலமாக இருப்பதால் அந்தக் கறுப்பு மை தீட்டியதுபோல் துலக்கமாகத் தெரியும். நீலகிரி ஆணுக்கும் அங்கே கறுப்பு உண்டு என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதன் முகமே இருண்ட நீலம் என்பதால் கறுப்பு அதில் அமிழ்ந்துபோகிறது. மாறாக நெற்றியும் கண்ணுக்கு மேலே ஓடும் புருவக் கோடும் உடலைவிட ஒளிகூடிய நீலமாக இருக்கும். ஆகவே "கறுப்பு இருக்கிறதா?" என்று கேட்காமல் "முதலில் கண்ணில் படுவது கறுப்பா, ஒளிரும் நெற்றியா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நிறம்

மேலே சொன்னவற்றில் இரண்டாவது உறுதியான பிறகு நிறத்தைத் துணைக்கு அழைக்கலாம். நல்ல வெளிச்சத்தில், முதுகில் வெயில் படும்படி பார்த்தால், நீலமேனியின் நிறம் மயில்துத்தம். தோட்டக்காரர்கள் சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவை தயாரிக்கிறார்களே, அந்த மயில்துத்தக் கட்டியின் பச்சை ஓடிய நீலம். தலை முதல் வால் வரை அதே நிறம். நீலகிரி ஈப்பிடிப்பானில் பச்சைச் சாயல் வராது. அவுரியில் தோய்த்துக் காயவைத்த துணியின் நீலம். அதிலும் சிறகும் வாலும் இன்னும் இருண்டிருக்கும்.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படத்தைக் கொடுத்தால் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் போன்ற செயலி புதியவர்களுக்கு நல்ல துணை, பயன்படுத்துங்கள். ஆனால் இருட்டுச் சோலையில் எடுத்த படத்தை வெளிச்சம் கூட்டி அதற்குக் கொடுத்தால் அவுரி நீலமும் வெளிறி நீலமேனியின் பக்கம் சாய்ந்துவிடும். திருத்தாத படத்தையே கொடுங்கள். நாளையும் இடத்தையும் சரியாகக் குறியுங்கள். படம் சொல்வதைவிடத் தேதி சொல்வது அதிகம்.

பெண் பறவைகள்

ஆண்களோடு பழகிய பிறகு பெண்களுக்கு வாருங்கள். நீலமேனிப் பெண் ஆணின் மங்கிய பதிப்பு. நிறத்தில் சாம்பல் கூடியிருக்கும், அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கறுப்புக்குப் பதில் புகை நிறம். ஆனாலும் நீலம் என்று சொல்லத்தக்க பறவைதான். நீலகிரிப் பெண்ணை நீலம் என்று சொல்லவே தயங்குவோம். பச்சையும் சாம்பலும் கலந்த மங்கல் நிறம், அதன் மேல் நீலம் லேசாகப் பூசியதுபோல இருக்கும். நிழலில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இங்கே நிறத்தையும் முகத்தையும் விட்டுவிட்டு நேரே வாலடிக்குப் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம். வால் விரியும்வரை பொறுமை இல்லையென்றால் பெயர் எழுதாமல் நகர்ந்துவிடலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளிகள் தெளித்த இளம்பறவை கண்ணில் பட்டால் அது நீலகிரி. நீலமேனி இங்கே குஞ்சு பொரிப்பதில்லை.

பாட்டும் கூடும்

நீலகிரி ஈப்பிடிப்பானின் இனப்பெருக்கம் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், முக்கியமாக மார்ச் முதல் ஜூன் வரை. அந்த நாட்களில் ஆண் நீளமாக, இனிமையாக இழைத்துப் பாடும். குளிர்கால விருந்தாளியான நீலமேனி இங்கே பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. குரலை வைத்துப் பிரிப்பதைவிட, பாடுகிறது என்பதையே ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்வது புதியவர்களுக்கு எளிது.

கூடு கட்டுவது பெண்ணின் வேலை. ஆண் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும். (இதைப் பற்றி வீட்டில் வரும் கருத்துகளை நான் இங்கே எழுதப் போவதில்லை.) பாசியால் ஆன கிண்ணம்; மண்சரிவின் பொந்தில், சாலையோர வெட்டுமேட்டில், சிறு பாலத்தின் அடியில், சில நேரம் கட்டடத்தின் இறவாணத்தில் இருக்கும். முட்டைகள் இரண்டு அல்லது மூன்று. அடைகாப்பதும் பெண்தான், ஊட்டும் வேலையில் ஆணும் சேர்ந்துகொள்ளும். அலகில் பாசியோடு சாலையோரப் பாலத்துக்கு அடியில் நுழைகிற நீல ஈப்பிடிப்பானைப் பார்த்தால் மேற்கொண்டு எந்த அடையாளமும் வேண்டாம், அது உள்ளூர்ப் பறவை. கூட்டைப் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள், பதிவு செய்த குரலைப் போட்டு ஆணை வெளியே வரவழைக்காதீர்கள். சாலையோரம் கூடு கட்டும் பறவைக்கு வாகனங்களின் தொல்லையே போதுமானது.

வேறு நீலங்கள்

தொண்டையும் மார்பும் ஆரஞ்சாக இருந்தால் அது டிக்கெல் நீல ஈப்பிடிப்பான். இந்தக் குழப்பத்துக்கு வெளியே நிற்பது. தரையோரப் புதரில், ஓடை விளிம்பில் துள்ளிக்கொண்டிருக்கும் நீலப் பறவை சோலைக்கிளியாக இருக்கலாம் (பெயரில்தான் கிளி, அது கிளி இனமல்ல). உண்மையில் கவனம் தேவைப்படுவது வெள்ளை வயிற்று நீல ஈப்பிடிப்பானுக்குத்தான். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது, ஆணும் அடர்நீலம். ஆனால் வயிறு தெளிவான வெள்ளை. வாலடியில் திட்டு கிடையாது. சற்றுக் கீழ்மட்டக் காடுகளில், தாழ்ந்த புதர்களுக்குள் இருக்கும்.

இலங்கை மலையகத்தில் இருப்பவர்களுக்கு வேலை குறைவு. நீலகிரி ஈப்பிடிப்பான் அங்கே கிடையாது. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்தில் காணும் மங்கல் நீல ஈப்பிடிப்பான் இதே யூமியாஸ் பேரினத்தைச் சேர்ந்த, இலங்கைக்கே உரிய பறவை.

எங்கே பழகலாம்?

சோலைக்குள் நுழையப் பல இடங்களில் வனத்துறையின் அனுமதி வேண்டும். தொடக்கத்தில் அதற்கெல்லாம் அலைய வேண்டாம். குன்னூர் சிம்ஸ் பூங்கா, உதகை தாவரவியல் பூங்காவின் மேட்டுப் பகுதி, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்குப் போகும் சாலை, கோத்தகிரி லாங்வுட் சோலையின் விளிம்பு, கொடைக்கானலில் ஊரை ஒட்டிய சோலை ஓரங்கள் என நின்று பார்க்கத்தக்க இடங்கள் நிறைய இருக்கின்றன. 8x42 பைனாகுலர் ஒன்று போதும். மழைக்குப் பிறகு வால்பாறைப் பக்கம் போனால் அட்டைக்குத் துணிக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வெயில் ஏறிப் பூச்சிகள் பறக்கத் தொடங்கும் நேரத்தில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள்.

முதலில் மே மாதத்தில் ஒருமுறை போய் நீலகிரி ஈப்பிடிப்பானை மட்டும் நிதானமாகப் பார்த்துக்கொள்வது என் யோசனை. அப்போது குழப்ப வேறொன்று இருக்காது; ஆண், பெண், இளம்பறவை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வாய்ப்புண்டு. பிறகு டிசம்பரில் போகும்போது அந்நியமான ஒன்று வந்து உட்கார்ந்தால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

குறிப்பேட்டில் பெயரை முதலில் எழுதாதீர்கள். தேதி, உயரம், உட்கார்ந்திருந்த இடம், வாலடியைப் பார்த்தேனா இல்லையா, வயிறு, முகம், வெளிச்சம் எந்தப் பக்கம் என்ற வரிசையில் எழுதிவிட்டு அதன் பிறகு பெயரைப் போடுங்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இ-பேர்டில் பட்டியல் ஏற்றுகிறவர்கள் குளிர்காலத்து நீலகிரி, நீலமேனிப் பதிவுகளுக்கு இந்த விவரங்களைக் கருத்துப் பகுதியில் சேர்த்தால் சரிபார்ப்பவர்கள் உங்களிடம் திரும்பக் கேள்வி கேட்க வேண்டியிருக்காது. வாலைப் பார்க்க முடியாமல் போன பெண் பறவையை 'நீல ஈப்பிடிப்பான், இனம் உறுதியாகவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.